மேய்ஸ் ஹில்லில் ஒரு நீச்சல் தடாகம்: பொது நீர் பற்றிய சில குறிப்புகள்

மேய்ஸ் ஹில் என்றால் எம்மவர்க்கு நினைவில் வருவது முருகன் கோயில்தான். பரமட்டா பூங்காவின் மேய்ஸ் ஹில் பகுதியில் 2023 செப்டம்பரில் ஒரு பொது நீச்சல் தடாகமும் திறக்கப்பட்டது. அதன் பின்னாலுள்ள வரலாற்றை நாம் பேசியது குறைவு.

இரண்டாம் உலகப் போரின் பின் அவுஸ்திரேலிய ஊர்கள் பல, போரில் இறந்தோர்க்குக் கற்றூண் நாட்டுவதை விட, உயிரோடிருப்போர்க்குப் பயன்படும் நினைவுச்சின்னங்களே மேல் எனக் கருதின. மண்டபங்களும் தடாகங்களும் அவ்வாறு எழுந்தன. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கும் நீச்சல் ஆர்வத்தை வளர்த்தது. பரமட்டா போர் நினைவுத் தடாகம் 1959இல் திறக்கப்பட்டது.

2017இல் அது மூடப்பட்டது. அருகிலிருந்த விளையாட்டரங்கைப் பெரிதாகக் கட்ட மாநில அரசுக்கு அந்நிலம் தேவைப்பட்டது. சபைகள் இணைக்கப்பட்ட 2016 மே தொடக்கம் 2017 செப்டம்பர் வரை பரமட்டாவில் தெரிவுசெய்யப்பட்ட மாநகரசபை இருக்கவில்லை. அரசு நியமித்த நிர்வாகியே இருந்தார். தடாகத்தைக் காக்கத் திரண்ட மக்களுக்கு, வாக்கைக் காட்டிக் கேள்வி கேட்க உள்ளூரில் ஒருவரும் இல்லை. புதிய அரங்கு 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தடாகத்துக்கோ மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. செலவு 88 மில்லியன் டொலருக்கும் மேல்.

இடையில் ஆறு கோடைகள். 2020 ஜனவரி 4இல் பென்றித்தில் வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. மூடியபோது ஐந்து வயதாயிருந்த பிள்ளை, திறந்தபோது பதினொரு வயதைத் தாண்டியிருந்தது. நீந்தக் கற்கவேண்டிய வயது அதுவே. வசதியுள்ளோர் வீட்டில் தடாகம் உண்டு. அடுக்குமாடியில் வாழும் புதுக் குடியேறிக்குப் பொதுத் தடாகமே கதி.

ஆனால் 'பொது' என்ற சொல் தானாகவே பொருள் பெற்றதில்லை. இதே மாநிலத்தின் மொறீ நகரசபை, பூர்வீகக் குடிகள் தடாகத்துக்குள் வரக்கூடாதென 1955இல் தீர்மானித்தது. 1965 பெப்ரவரியில் சாள்ஸ் பேர்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பஸ்சில் சென்று, பூர்வீகக் குடிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதன் வாசலில் நின்றார்கள். முட்டையும் தக்காளியும் அவர்கள்மேல் வீசப்பட்டன. வாசல் திறந்தது.

இதைப் படித்து வெள்ளையரின் இனவாதம் எனத் தலையசைத்துவிட்டு நகர்வது எமக்கு எளிது. மகாட்டின் சவுதார் குளம் சட்டப்படி திறக்கப்பட்ட பின்னரும், அங்கு தலித்துகள் நீர் அருந்த 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் முன்னின்று நடக்கவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கிணற்றுக் கட்டருகே குடத்துடன் காத்திருந்து, பிறர் அள்ளி ஊற்றும்வரை நின்றவர்கள் எமது அயலவர்களே. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1968இல், கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தில், அதே முருகனின் வாசலை மறித்து நின்றவர் கணிதப் பேராசிரியராயிருந்த சி. சுந்தரலிங்கம். படிப்பு மட்டும் வாசலைத் திறந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

புலம்பெயர்ந்த எமது ஆற்றல் பெரும்பாலும் எமக்கேயான வாசல்களைக் கட்டுவதில் செலவாகியது. கோயில், பாடசாலை, ஊர்ச்சங்கம், எல்லாம் தேவையானவையே. ஆயினும் முன்பின் அறியாதவனும் எம்மோடு ஒரே நீரில் இறங்கும் இடத்துக்காக, சபைக் கூட்டத்தில் கைதூக்க எம்மில் எத்தனை பேர் போனோம்? அகதியாக வந்தவன் ஒரு நகரின் குடிமகனாவது கடவுச்சீட்டால் மட்டுமல்ல, அதன் பொதுச் சொத்துக்காக வழக்காடுவதாலுமே.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பெண்கள் தயங்காது நீந்த நேரம் உண்டா, புதிதாக வந்தோர்க்கு நீச்சல் வகுப்பு எட்டுமா என்ற கேள்விகள் எஞ்சியுள்ளன. கோயிலுக்கு வரும் வழியில் ஒருநாள் அங்கும் இறங்கிப் பார்க்கலாம். கேட்கவேண்டிய கேள்விகளை அடுத்த சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.