கணுவில் நிற்கும் நஞ்சு: நெல்மணியின் ஆர்செனிக்கை வேர் மட்டுமா தீர்மானிக்கிறது?

நெற்பயிரின் வேரில் சிலிக்கனுக்காக உள்ள கடத்திப் புரதங்கள் வழியாகவே ஆர்செனிக் ஏறுகிறது என்பது 2008-க்குப் பிறகு பாடமாகிவிட்டது. கூடவே ஒரு துணிபும் வேரூன்றிவிட்டது: அந்தக் கடத்திகளை அடைத்துவிட்டால் அரிசி சுத்தமாகிவிடும். இந்தத் துணிபுக்குச் சான்றாகக் காட்டப்படும் அதே ஆய்வைப் பொறுமையாகத் திரும்பப் படித்தால் வேறு செய்தி கிடைக்கிறது.

ஜியான் ஃபெங் மா குழுவினர் 2008-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் இரண்டு மரபணுக்கள் பேசப்படுகின்றன. எல்எஸ்ஐ1 மண்நீரிலிருந்து சிலிக்கனை வேர்ச் செல்லுக்குள் வாங்கும். எல்எஸ்ஐ2 அதை அங்கிருந்து, நீரை மேலேற்றும் சைலத்தின் பக்கம் தள்ளிவிடும். நீர் தேங்கிய வயலில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்செனைட்டாக இருக்கிறது. மின்னூட்டம் இல்லாத அது, சிலிசிக் அமிலத்தைப் போன்ற உருவம் கொண்டதால் அதே பாதையில் நுழைகிறது. இதுவரை சர்ச்சை இல்லை.

சர்ச்சை வயல் முடிவுகளில் தொடங்குகிறது. எல்எஸ்ஐ1 பழுதான நெல்லின் வேர், குறுகிய நேரச் சோதனையில் ஆர்செனைட்டைத் தெளிவாகக் குறைவாக உறிஞ்சியது. ஆனால் அதே நெல் வயலில் விளைந்தபோது அந்தக் குறைவு மணியில் அவ்வளவாகத் தெரியவில்லை. நஞ்சை உள்ளே வாங்கும் முதல் வாயிலே பழுதாகியும் மணியில் பெரிய மாற்றம் இல்லையென்றால், ‘வாயில்’ என்ற உவமையையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. எல்எஸ்ஐ2 பழுதான நெல்லில் விளைவு பெரிது, அதை மறுப்பதற்கில்லை. எனினும் வைக்கோலையும் அரிசியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வைக்கோலில் ஆர்செனிக், இயல்பான பயிரில் இருந்ததன் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அரிசியிலோ பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சியது.

ஏன் இந்த இடைவெளி? வேரே எல்லாவற்றையும் தீர்மானிக்குமானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இறங்கியிருக்க வேண்டும். வைக்கோலுக்கும் மணிக்கும் நடுவே இன்னொரு கட்டுப்பாடு இருந்தாக வேண்டும். முந்தைய வாசிப்பு இந்த எண்களை வெற்றிக் கணக்காக எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கடந்துபோய்விட்டது.

அந்தக் கட்டுப்பாடு இருக்கும் இடம் கணு. கண்ணாடியிலை புறப்படும் மேற்கணுவை நகத்தால் கீறிப் பார்த்தால், மேலும் கீழும் உள்ள குழல்போன்ற தண்டைவிட அது கெட்டியாக, நார் பின்னியதாக இருக்கும். கீழிருந்து வரும் வாஸ்குலார் கற்றைகள் அங்கே பிரிந்து, இலைக்கு ஒரு பங்கும் கதிருக்கு ஒரு பங்குமாகத் திரும்புகின்றன. 2014-இல் விளக்கப்பட்ட ஓஎஸ்ஏபிசிசி1 என்னும் கடத்தி, கணுவின் ஃபுளோயத் துணைச்செல்களில் ஆர்செனிக்கை வாக்குவோல் என்னும் செல் உள்ளறைக்குள் பூட்டிவைக்கிறது. நஞ்சைப் பிணைக்கும் பைட்டோகீலேட்டின் என்னும் பெப்டைடோடு சேர்ந்த ஆர்செனைட்டே அதன் சரக்கு. அந்த மரபணுவை நீக்கிய நெல்லில் கணுவிலும் பிற பாகங்களிலும் ஆர்செனிக் குறைந்தது. மணியில் மட்டும் கூடியது. செடி முழுவதும் குறைவு, மணியில் கூடுதல்! வேரை மட்டும் வைத்து இந்தத் தலைகீழ் நிலையை விளக்க முடியாது.

எல்எஸ்ஐ2 கணுக்களிலும் வெளிப்படுகிறது என்பது பிறகு தெரியவந்தது. ஆகவே 2008-இல் அரிசியில் கண்ட குறைவு முழுவதையும் வேரின் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. எந்தப் பங்கு வேருடையது, எந்தப் பங்கு கணுவுடையது என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. இங்கே நிதானம் தேவை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மண்ணின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில்ஆர்சினிக் அமிலம் பைட்டோகீலேட்டினோடு பிணையாது. எனவே இந்தப் பூட்டு அதைப் பிடிக்காது. அது மணிக்குள் எளிதாகச் செல்கிறது. கணுவின் காவல் கனிம ஆர்செனிக்குக்கு மட்டுமே. உணவுப் பாதுகாப்பில் முதல் கவலையும் அதுதான்: 2014-இல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆணையம் தீட்டிய அரிசிக்கு விதித்த கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற வரம்பு கனிம ஆர்செனிக்குக்கே உரியது.

வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்செனிக் குறையும், உண்மை. ஆனால் மண் காயும்போது காட்மியம் ஏறுகிறது. ஒரு நஞ்சுக்கு இன்னொன்றைக் கொடுத்து மாற்றும் ஏற்பாட்டை மரபணு ஆய்வுக்கு மாற்றாகக் கொள்வதற்கில்லை.

வேர்வழிக் கடத்தியை முடக்குவதற்கான விலையையும் சொல்லியாக வேண்டும். தண்டு இலைகளின் உலர் எடையில் பத்து சதவீதம் வரைகூடச் சிலிக்கனைச் சேர்த்துவைக்கும் பயிர் நெல். அது கிடைக்காவிட்டால் இலை தொய்யும், குலைநோயும் புகையானும் எளிதாகப் பற்றும், விளைச்சல் விழும். ஆழமில்லாத குழாய்க்கிணற்று நீரால் போரோ என்னும் வறண்ட பருவ நெல்லை விளைவிக்கும் வங்காள டெல்டாவின் உழவரிடம் இத்தகைய விதையை நீட்டுவது நியாயமாகாது. கணுவின் பூட்டை வலுவாக்கும் வழியில் சிலிக்கன் பாதையைத் தொடவே வேண்டாம். அதற்கு ஏற்ற ரகங்களைத் தேடுவோர் வைக்கோல், அரிசி என இரண்டை மட்டும் அளந்தால் போதாது. மேற்கணுவைத் தனியே நறுக்கி, பால் பிடிக்கும் பருவத்திலும் அறுவடையிலும் அதன் ஆர்செனிக்கை மணியின் ஆர்செனிக்கோடு ஒப்பிட வேண்டும்.