பதினஞ்சு படுக்கையும் ரெண்டு பெண்களும்

பழைய சீவரத்துல பாலாத்துப் பாலத்தைத் தாண்டினா திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். (கூடுறதுக்குத் தண்ணி வேணுமேன்னு கேக்காதீங்க. நான் போனப்ப மணல்தான் கூடியிருந்தது :-)) பொங்கல் சமயத்துல பார்வேட்டைக்கு காஞ்சி வரதர் வர்றப்ப ஊரே நிரம்பி வழியும். நான் போனது சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை. கூட வந்தது அம்மா.

அம்மா வந்ததே பெரிய விஷயம். ஒன்பது வருஷம் கழிச்சு வீட்டுப் பூட்டைப் பூட்டிட்டு நிம்மதியா வெளிய கிளம்பின நாள் அது. ஆயா (அப்பாவோட அம்மா) பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருந்தாங்க. திருப்பிப் படுக்க வைக்கிறது, துடைக்கிறது, கஞ்சி ஊட்டுறது, ராத்திரி ரெண்டு மணிக்குக் குரல் கேட்டா எழுந்திரிக்கிறது, எல்லாமே அம்மாதான். நாங்கல்லாம் என்ன செஞ்சோம்னா... மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அவ்ளோதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

இந்த ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழனோட நீண்ட கல்வெட்டு ஒண்ணு இருக்கு. வீரராஜேந்திரன் ஆண்ட காலம் 1063 முதல் 1070 வரை. அதை கே.வி.சுப்பிரமணிய ஐயர் எபிகிராஃபியா இண்டிகா 21-ம் தொகுதியில் பதிப்பிச்சார். கோயிலோட சேர்ந்து ஒரு வேதபாடசாலை, மாணவர் விடுதி, ஒரு ஆதுலர் சாலை (அதாவது ஆஸ்பத்திரி) நடந்ததுக்கான வரவு செலவுக் கணக்கு அதுல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் பேரு வீரசோழன். மொத்தம் 15 படுக்கை. மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்குமானது. தலைமை மருத்துவர் ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்யறவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர்ற ரெண்டு பேருக்கு 60 கலம், 2 காசு. நாவிதருக்கு 15 கலம்.

நம்ம ஆளுங்க இந்த இடத்துல "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சர்ஜன் வெச்சிருந்தோம்!"னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. நானும் அப்படித்தான் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். அம்மா கேட்டது வேற.

"பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது யாருடா?"

இருக்காங்க. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக் கவனிச்சுக்க ரெண்டு பெண்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்து 30 கலம் நெல், 1 காசு.

"அப்ப மூலிகை கொண்டாந்தவனுக்கு அதுல டபுளா?"ன்னாங்க அம்மா. கணக்கு டீச்சரா ஆகியிருக்க வேண்டியவங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "பரவால்ல, கணக்குல எழுதியாவது வெச்சிருக்கான்" அப்படின்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. சோழர் காலம் பொற்காலம்னு சொல்ல வரலை. கூலி பாதிதான், அந்த ஆஸ்பத்திரியும் ஊர்ல எல்லாருக்கும் திறந்திருந்தது இல்லை. அந்தக் காலத்துலயும் வீட்டுக்குள்ள பாத்துக்கிட்டவங்களுக்குக் கணக்கு இருந்திருக்காது. ஆனா நோயாளியைப் பாத்துக்கிறது ஒரு வேலை, அதுக்கு ஆள் வேணும், கூலி வேணும்னு அந்தக் கல்லுல இருக்கே! எங்க அம்மாவை ஒரு விண்ணப்பத்துல 'வேலை இல்லை'ன்னு நிரப்பினது நானேதான்.

"வீட்லதானே இருக்காங்க, பாத்துக்கட்டுமே" இந்த நினைப்பு நமக்கு மட்டும் இல்லை. பிரிட்டன்ல 1976-ல பராமரிப்பாளர்களுக்குன்னு ஒரு உதவித்தொகை கொண்டு வந்தாங்க. கணவனோட வாழ்ற கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் கிடையாதுன்னு சட்டம். எப்படியும் வீட்லதானே இருப்பாங்கன்னு காரணம்! நோயாளித் தாயைப் பாத்துக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 1986-ல அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து வருஷம் ஆச்சு அதுக்கு.

இங்க? 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, கூலியில்லாம வீட்டாரைப் பராமரிக்கிற வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 134 நிமிஷமும் ஆண்கள் 76 நிமிஷமும் செலவழிச்சாங்க. சமையல், துணி துவைக்கிறதெல்லாம் இதுல சேராது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுறவங்களுக்குப் பராமரிப்பாளர் படி கொடுக்கிற திட்டத்தைப் பத்திப் பேசுது. கேரளாவில் 'ஆஸ்வாசகிரணம்'னு ஒரு திட்டத்துல, படுக்கையில் கிடக்கிறவங்களைப் பாத்துக்கிறவங்களுக்கு மாசம் 600 ரூபாய்னு வெச்சாங்க. நம்ம ஊர்ல 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து நோயாளியைப் பார்த்தது. 2023 செப்டம்பர் 15-ல மகளிர் உரிமைத் தொகை தொடங்கினது இதே காஞ்சிபுரத்துலதான். வீட்டு வேலையும் உழைப்புதான்னு ஒரு அரசு சொன்னது நல்ல ஆரம்பம்.

ஆனா பராமரிக்கிறவங்களுக்குத் தேவை பணம் மட்டும் இல்லை. புண் வராம எப்படித் திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்லிக் கொடுக்க ஆள் வேணும். மாசத்துல ரெண்டு நாளாவது பொறுப்பை ஒப்படைச்சிட்டுத் தூங்க ஒரு இடம் வேணும். வேலையை விட்ட வருஷங்களுக்கு வயசான காலத்துல ஒரு ஓய்வூதியம் வேணும். இதையெல்லாம் தியாகம்னு புகழ்ந்தே தட்டிக் கழிச்சிடறோம். தெய்வம்னு சொல்லிட்டா சம்பளம் தர வேண்டாம் பாருங்க. வீட்டு ஆம்பளைங்க முறை போட்டுச் செய்யவும் வேண்டாம்.

அரசாங்கத்தைச் சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாது. ஒன்பது வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூட "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா"ன்னு அம்மாகிட்ட நான் சொன்னதில்லை.

திரும்பி வர்ற வழியில வாலாஜாபாத்துல டீ குடிச்சோம். அம்மா வழக்கம்போல மணியைப் பார்த்தாங்க. அப்புறம் ஞாபகம் வந்து, "இன்னொரு டீ சொல்லுடா" அப்படின்னாங்க.

உங்க வீட்ல படுக்கையில யாராவது இருந்தா, அவங்களைப் பாத்துக்கிறவங்க கடைசியா எப்ப வெளிய போனாங்கன்னு இன்னைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.