புல்லை அகற்றினால் பணம்: லாஸ் வேகஸ் நகரின் நீர் சேமிப்புத் திட்டம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகஸ் வட்டாரத்தில், வீட்டு முற்றத்துப் புல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் குறைந்த நீரில் வளரும் செடிகளை நடுவோருக்கு நீர் ஆணையமே பணம் கொடுக்கிறது. 1999ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள இந்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் வழி, 200 மில்லியன் சதுர அடிக்கும் அதிகமான புல்தரை அகற்றப்பட்டுள்ளது.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இங்கு புல்லை வளர்ப்பது வேலையல்ல, வெட்டுவதுதான் வேலை. லாஸ் வேகஸ் பாலைவன நகரம். அங்கு ஆண்டு மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். புல் பச்சையாக இருக்க வேண்டுமானால் குழாய் நீரைப் பாய்ச்சியே தீர வேண்டும்.

*புல்லைக் குறிவைத்தது ஏன்?*

அந்த நகரின் நீரில் 90 விழுக்காடு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. ஹூவர் அணைக்குப் பின்னால் உள்ள மீட் ஏரியில் அது தேக்கப்படுகிறது. அந்த ஆற்றை நம்பியுள்ள அமெரிக்க மாநிலங்கள் ஏழு. அவற்றில் மிகச் சிறிய பங்கு நெவாடாவுக்கு உரியது: ஆண்டுக்குச் சுமார் 370 மில்லியன் கன மீட்டர்.

வீட்டுக்குள் குளிக்கவும் துவைக்கவும் பயன்படும் நீர் கழிவுநீர்க் குழாய் வழியாகச் சென்று, சுத்திகரிக்கப்பட்டு, மீண்டும் மீட் ஏரியில் சேர்கிறது. திருப்பி அனுப்பும் அளவுக்கு ஏற்ப, நெவாடா ஆற்றிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புல்லுக்குப் பாய்ச்சும் நீர் ஆவியாகிவிடும், ஏரிக்குத் திரும்பாது. எனவே அங்கு வீட்டுக்குள் செலவாகும் நீரைவிட வாசலில் செலவாகும் நீர்தான் பெரும் இழப்பு.

*எவ்வளவு மிச்சம்?*

தெற்கு நெவாடா நீர் ஆணையம் பல ஆண்டுகள் வீடுகளில் நீர்மானி வைத்து அளந்து, 2005இல் ஆய்வு முடிவை வெளியிட்டது. ஒரு சதுர அடி புல் ஆண்டுக்குச் சுமார் 276 லிட்டர் நீரைக் குடிக்கிறது. வறட்சி தாங்கும் செடிகள் உள்ள தோட்டத்துக்கு 65 லிட்டர் போதும். 1,000 சதுர அடி புல்லை மாற்றினால் ஆண்டுக்கு 200 கன மீட்டருக்கும் மேல் மிச்சமாகும்.

*தொகையும் நிபந்தனைகளும்*

ஊக்கத்தொகை படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2018இல் அது சதுர அடிக்கு 3 டாலரானது. 2024இல் தனி வீடுகளுக்கு 5 டாலராக உயர்ந்தது. பணம் பெற விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

• புல்லை அகற்றும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அகற்றிய பின் கேட்டால் கிடைக்காது.
• வெறும் கல்லைக் கொட்டி மூடக் கூடாது. நட்ட செடிகள் வளர்ந்த பின் அந்த இடத்தில் பாதியையாவது மூட வேண்டும்.
• நீர் பாய்ச்சுவதாக இருந்தால் சொட்டுநீர் முறை போன்ற சிக்கன முறையில் பாய்ச்ச வேண்டும்.
• அந்த இடத்தில் மீண்டும் புல் வளர்ப்பதில்லை என்று பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். வீடு கைமாறினாலும் இது செல்லும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் திட்டத்தின் உயிர்நாடி. அது இல்லாவிட்டால், பணத்தை வாங்கிக்கொண்டு சில ஆண்டுகளில் மறுபடியும் புல் போட்டுவிடலாம்.

*குறைகளும் உண்டு*

புல்தரை வைத்திருப்பவருக்கே பணம் கிடைக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அகற்றப் புல்லும் இல்லை, முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. ஆனால் நீர்க் கட்டணத்தின் வழி செலவை எல்லாரும் சுமக்கின்றனர்.

பணம் தீர்ந்துபோவதும் உண்டு. கலிபோர்னியாவில் கடும் வறட்சி நிலவிய 2015ஆம் ஆண்டு ஏப்ரலில், 50 மில்லியன் சதுர அடி புல்லை மாற்ற வேண்டும் என ஆளுநர் ஜெரி பிரவுன் உத்தரவிட்டார். தெற்கு கலிபோர்னியாவில் விண்ணப்பங்கள் குவிந்து, ஒதுக்கிய பெருந்தொகை அவ்வாண்டு ஜூலைக்குள் முடிந்துபோனது.

மரங்களின் நிலையும் கவலைக்குரியது. புல்லுக்குப் பாய்ச்சிய நீரில் வளர்ந்த மரம், அந்த நீரை நிறுத்தினால் பட்டுப்போகும். பாலைவன வெயிலில் நிழல் போனால் வெப்பம் கூடும். எனவே புல்லை எடுக்கும்போதே மரத்துக்குத் தனிச் சொட்டுநீர்க் குழாய் போட வேண்டியது முக்கியம்.

*ஊக்கத்தொகைக்குப் பின் சட்டம்*

2002 முதல் அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை 7 லட்சத்துக்கும் மேல் கூடியிருந்தும், ஆற்றுநீர்ப் பயன்பாடு கால் பங்குக்கும் மேல் குறைந்துள்ளது. ஊக்கத்தொகை மட்டும் இதற்குக் காரணமன்று. புதிய வீடுகளின் முன்முற்றத்தில் புல்லுக்குத் தடை, பருவத்துக்கு ஏற்ப நீர் பாய்ச்சும் நாள்களுக்குக் கட்டுப்பாடு ஆகியவையும் சேர்ந்து உதவின.

பணம் கொடுத்தும் மாறாதவர்கள் இருந்தனர். ஆகவே நெவாடா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. சாலை நடுத்திட்டு, அலுவலக வாசல், அடுக்குமாடி வளாகம் போன்ற இடங்களில் அழகுக்காக மட்டுமே வளரும் புல்லுக்கு, 2027 தொடக்கத்திலிருந்து கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்ச அச்சட்டம் தடை விதிக்கிறது. பிள்ளைகள் விளையாடும் திடல்களுக்கும் பூங்காக்களுக்கும் விலக்கு உண்டு.

தனி வீடுகள் இச்சட்டத்துக்குள் வரவில்லை. அங்கு புல்லை வைத்திருப்பதா எடுப்பதா என்பது இன்னும் வீட்டுக்காரரின் விருப்பம்தான். அவரை இசைய வைக்க நீர் ஆணையத்தின் கையில் இருப்பது அந்த ஊக்கத்தொகையே.