சத்திரத்துச் சாலையில் சைக்கிள்

விடிகாலை ஷிஃப்ட் நேரத்தில் நெடுஞ்சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? கம்பெனி பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் ஓரமாக, விளக்கில்லாமல் சைக்கிள்கள் போகும். செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், கேன்டீன்காரர்கள், நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காமார்கள்.

பெயரிலேயே சத்திரம் உள்ள ஊர் நம்முடையது. வழிப்போக்கர்கள் இளைப்பாறிப் போன சாலைதான் பின்னாளில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஆனது. அன்று எண் 4, இன்று 48. தங்க நாற்கரத் திட்டத்தில் அது நான்கு வழியானபோது நடுவே தடுப்பும் வந்தது. எதிர்ப்பக்கக் கடைக்குப் போக வேண்டிய சைக்கிள்காரர் யு-டர்ன் வரை சுற்ற வேண்டும். அவர் எதிர்த்திசையில் வந்தால் நாம் காருக்குள்ளிருந்து திட்டுகிறோம். (நானும் திட்டியிருக்கிறேன்.)

சைக்கிளின் அருமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரித்தது. பெரிய மாற்றம் புதுக்கோட்டையில் வந்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளை எல்லாம் சைக்கிளில் ஏறின. பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. கேலி பேசியவர்களும் இருந்தார்கள், நிற்கவில்லை.

2000களில் அரசே பள்ளி மாணவிகளுக்கும், பிறகு மாணவர்களுக்கும் இலவச சைக்கிள் தந்தது. ஆனால் அதை ஓட்டத் தனிப் பாதை? சென்னை மாநகராட்சி 2014ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாக ஒரு கொள்கையை ஏற்றது. நாமோ காஞ்சிபுரம் மாவட்டம். அது நமக்குப் பொருந்தாது. நெதர்லாந்திலும் பாதைகள் தானாக வந்துவிடவில்லை. 1971ல் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தபின், பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்டார்கள்.

நம் சங்கம் ஒரு வரைபடம் தயாரிக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர் எந்த வழியில் வருகிறார், எந்த இடத்தில் இறங்கித் தள்ளுகிறார், எங்கே விளக்கில்லை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து உள்ளாட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனுவாகக் கொடுக்கப் போகிறோம்.