போல்ற்றனை விட்டுப் போகாத மனிசன்

எங்கட உணவகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒரு கிழவர் வருவார். மான்செஸ்ரருக்கு வடமேற்கே இருக்கிற போல்ற்றன் என்ற பழைய பஞ்சாலை நகரத்துக்காரர். மேசை துடைக்கிற சாட்டில் நானும் அவரோடு உதைபந்தாட்டம் கதைப்பேன். ஷியரர், றூனி, கேன் என்று யாருடைய பெயரைச் சொன்னாலும் கையை விசுக்கிவிட்டு ஒரே பெயரைத்தான் சொல்லுவார்: நற் லொஃப்ற்ஹவுஸ். கிழவருக்கு வேறை கதையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஆர்வம் வந்து தேடி வாசித்தேன்.

லொஃப்ற்ஹவுஸ் 1925 இல் போல்ற்றனில் பிறந்தவர். 1939 செப்ரெம்பர் 4 ஆம் திகதி, அதாவது பிரித்தானியா ஜேர்மனி மீது போர் அறிவித்த மறுநாள், பதினான்கு வயதில் போல்ற்றன் வொண்டரேர்ஸ் கழகத்தில் கையெழுத்து வைத்தார். கழகத்தின் மூத்த ஆட்டக்காரர்கள் ஒன்றாகவே பீரங்கிப் படையில் சேர்ந்து போய்விட்டார்கள். அணித் தலைவர் ஹரி கொஸ்லின் 1943 இல் இத்தாலியில் உயிரிழந்தார். அந்த வெற்றிடத்தில்தான் 1941 மார்ச்சில், பதினைந்து வயதுப் பெடியனாக, பரி அணிக்கு எதிராக இறங்கி இரண்டு கோல் அடித்தார்.

இளைஞர்களில் ஒரு பகுதியினரைப் படைக்கு அனுப்பாமல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பும் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. 1943 இல் லொஃப்ற்ஹவுஸுக்கும் சுரங்கம்தான் வாய்த்தது. சனிக்கிழமையில் விடிய மூன்றரைக்கு எழும்பி, நாலரை ட்ராம் பிடித்து, எட்டு மணித்தியாலம் நிலத்துக்குக் கீழே கரிவண்டில் தள்ளிவிட்டு, பின்னேரம் அணியின் பஸ்ஸில் ஏறிப் போய் விளையாடுவார். பன்னிரண்டு மணித்தியாலம் குசினியில் நின்ற கால்கள் எனக்கும் இருக்கின்றன. அதற்குப் பிறகு படிக்கட்டு ஏறுவதே பெரும்பாடு, இவர் கோல் அடித்திருக்கிறார்.

போர் முடிந்தும் நிம்மதி வரவில்லை. 1946 மார்ச் 9 ஆம் திகதி, போல்ற்றனின் பேர்ண்டன் பார்க் மைதானத்தில் ஸ்ரோக் சிற்றியுடனான கிண்ணப் போட்டி. கட்டுக்கடங்காத சனம். நெரிசலில் 33 பேர் இறந்துபோனார்கள். ஆட்டத்தை அரைமணி போல நிறுத்தி, உடல்களைக் கோட்டுகளால் மூடி ஓரமாகக் கிடத்தி, மரத்தூளால் புதுக் கோடு போட்டு, திரும்ப விளையாட வைத்தார்கள். இருபது வயது லொஃப்ற்ஹவுஸும் அந்த ஆட்டத்தில் விளையாடியவர். இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கட ஆக்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு 1960 வரை ஒரே கழகம். லீக் ஆட்டங்கள் 452, கோல்கள் 255. எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 503 ஆட்டத்தில் 285. இங்கிலாந்துக்காக 33 ஆட்டத்தில் 30. 1952 மே மாதம் வியன்னாவில் ஒஸ்ரியாவுக்கு எதிராக, முகத்தில் முழங்கை அடி வாங்கி, பந்துக்காப்பாளரோடு மோதி விழுந்தபடியே வெற்றிக் கோலை அடித்ததில் ‘வியன்னாவின் சிங்கம்’ என்ற பட்டம் வந்தது. அடுத்த வருடம் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் இரண்டு நிமிடத்துக்குள் கோல் போட்டும், 3-1 என்று முன்னால் நின்றும், பிளாக்பூலிடம் 4-3 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தை உலகம் ‘மத்தியூஸ் இறுதியாட்டம்’ என்கிறது. இதைச் சொன்னால் கிழவருக்குக் கோபம் வரும்.

விசுவாசத்தாலா அவர் போல்ற்றனில் இருந்தார்? எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விட்டால்தான் ஆட்டக்காரர் வேறு இடம் போகலாம். சம்பளத்துக்கும் மேல்வரம்பு இருந்தது. 1958 இல் கூட வாரத்துக்கு 20 பவுண்தான், எவ்வளவு பெரிய ஆளென்றாலும். அந்த வரம்பு 1961 இல் நீங்கியபோது இவர் ஓய்வு பெற்றுவிட்டார். போகவும் விடமாட்டார்கள், போனாலும் காசு கூடாது. இதை வெறும் அன்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஓய்வுக்குப் பிறகு யாரும் அவரைக் கட்டிவைக்கவில்லையே. அதே கழகத்தில் பயிற்சியாளர், முகாமையாளர், ஆள்தேடுபவர், கடைசியில் 1986 இலிருந்து தலைவர் என்று 2011 இல் சாகும்வரை அங்கேயேதான் இருந்தார். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு, ஊரையும் விட்டு வந்த எனக்கு இதைப் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அவருக்கு எஃப்.ஏ. கிண்ணம் கிடைத்த கதையிலும் ஒரு முள் இருக்கிறது. 1958 மே 3. எதிரணி மான்செஸ்ரர் யுனைற்றட். மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. போல்ற்றனைத் தவிர முழு நாடும் யுனைற்றட் பக்கம். அன்று போல்ற்றனுக்கு விளையாடிய பதினொரு பேரும் ஆளுக்கு 10 பவுண் கொடுத்து எடுத்த ஆட்கள். லொஃப்ற்ஹவுஸ் மூன்றாம் நிமிடத்தில் ஒரு கோல் போட்டார். இரண்டாவதுக்கு, பந்தைப் பிடித்த ஹரி கிரெக்கைத் தோளால் இடித்துப் பந்தோடு கோலுக்குள் தள்ளினார். கிரெக் யார் தெரியுமா? எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் திரும்பிப் போய் ஒரு குழந்தை உட்படப் பலரை வெளியே இழுத்து வந்தவர். நடுவர் கோல் என்றார். 2-0. பின்னாளில் அது ஃபவுல்தான் என்று லொஃப்ற்ஹவுஸே ஒத்துக்கொண்டார்.

போன வெள்ளி இதைக் கிழவரிடம் கேட்டேன், “அது சரியா?” என்று. அந்த இறுதியாட்டம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, தன் வலது தோளால் என்னை மெல்ல இடித்துக் காட்டிவிட்டு, “இவ்வளவுதான் இடித்தார்” என்றார். என் கையிலிருந்த தட்டு விழப் பார்த்தது.