படைவீரர் மக்களின் கல்வியும் நீலகிரியும்

நடுகல் நாட்டி வீரனைப் போற்றுதல் நம் தமிழ்நாட்டுப் பழைய மரபு. ஆயினும் இறந்த வீரனுக்குச் செய்யும் சிறப்பு ஒன்று. அவன் விட்டுச் சென்ற மக்களுக்குச் செய்யும் கடமை வேறொன்று. அக்கடமையுள் தலையாயது கல்வி. அக்கல்வி யாருக்குக் கிட்டிற்று, யாருக்குக் கிட்டாது போயிற்று என்பதனை நீலகிரி மலையின் சரித்திரம் தெளிவாய்க் காட்டுகின்றது. படைத் தொழில் புரிந்த குடும்பங்கள் நம்முள்ளும் உளவாதலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

கும்பினியார் காலத்திலேயே, ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண்மக்களுக்கு 1787ஆம் ஆண்டிலும், ஆண்மக்களுக்கு 1789ஆம் ஆண்டிலும் சென்னையில் அநாதை நிலையங்கள் ஏற்பட்டன. அப்பிள்ளைகளுட் பலர் இந்நாட்டுத் தாய்மார் வயிற்றிற் பிறந்தோர். எழும்பூரில் இருந்த ஆண்கள் நிலையத்தை மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அவ்வழக்கத்தைத் தம் நிலையத்திற் கொண்டார். முன்னேறிய மாணாக்கரே ஏனையோர்க்குக் கற்பிக்குமாறும் செய்தார். 1797இல் அதனைப் பற்றி அவர் நூல் வெளியிடவே, அது 'சென்னை முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. மணலெழுத்து நம்முடையது, ஆனால் நம் சிப்பாயின் மகனுக்கு அந்நிலையத்தில் இடமில்லை.

ஸர் ஹென்றி லாரன்ஸ் என்னும் படைத்தலைவர், ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக 1847இல் சிம்லா மலைப்பக்கத்துச் சனாவரில் முதல் விடுதிப் பள்ளியைத் தோற்றுவித்தார். அவர் 1857இல் லக்னோ முற்றுகையில் உயிர் துறந்தார். அவர் நினைவாக மறு ஆண்டே உதகமண்டலத்தில் எழுந்ததுதான், இன்று லவ்டேலில் விளங்கும் லாரன்ஸ் பள்ளி. சென்னை ஆண்கள் நிலையமும் 1871இல் இதனோடு இணைக்கப்பட்டது. 1925இல் இதற்கு 'லாரன்ஸ் ஞாபகார்த்த ராயல் இராணுவப் பள்ளி' எனப் பெயர் வழங்கிற்று. 1949இல் இந்திய சர்க்காரின் கல்வி இலாகா இதனை ஏற்ற பின்னரே இந்நாட்டு மக்களுக்குக் கதவு நன்கு திறந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு நாம் வெளியில் நின்றோம்.

இந்தியச் சிப்பாய்களின் புதல்வர்க்கென முதல் உலகப் போருக்குப் பின் ஜீலத்திலும் ஜலந்தரிலும் பள்ளிகள் ஏற்பட்டன. அவையோ பஞ்சாபில் இருந்தவை. அதே காலத்திற்றான் சென்னைக் காலாட் படைகள் பெரும்பாலும் கலைக்கப்பட்டன. படையில் இடமிழந்த தென்னாட்டார்க்குப் பள்ளியிலும் பயன் விளையவில்லை. இரண்டாம் உலகப் போரில் சென்னை ரெஜிமெண்டு மீண்டும் எழுந்தது. 1946இல் பெங்களூரிலும் இராணுவப் பள்ளி ஒன்று உண்டாயிற்று. 1947இல் குன்னூரை அடுத்த வெல்லிங்டன் அப்படையின் பயிற்சித் தலைமையிடமாயிற்று.

சுதந்தர இந்தியாவில் இக்கடமை சட்டதிட்டமாக உருக்கொண்டது. 1971ஆம் ஆண்டுப் போரில் மாண்டோர், காணாமற் போனோர், நிரந்தர ஊனமுற்றோர் ஆகியோரின் மக்களுக்குப் பள்ளி, கல்லூரிச் சம்பளத்தைச் சர்க்காரே ஏற்பதென 1972இல் ஏற்பாடு செய்யப்பட்டது. பின்னர் வேறு போர் நடவடிக்கைகளுக்கும் அது விரிந்தது. 2017இல் இவ்வுதவி மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படலாகாதென வரம்பு கட்டினர். நாடெங்கும் எழுந்த மனக்குறையைக் கண்டு 2018 மார்ச்சில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. கேட்டவர் இருந்தமையால் அன்றோ அது நீங்கிற்று!

முன்னாள் படைவீரரின் மக்கள் தொழிற்கல்வி பயில, 2006இல் பிரதம மந்திரியின் பெயரால் உபகாரச் சம்பளத் திட்டம் ஏற்பட்டது. 2019இல் அது ஆண்மக்களுக்கு மாதம் 2,500 ரூபாயாகவும், பெண்மக்களுக்கு 3,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

இவ்வுதவிகளை நாடுவதற்கு நாணுவார் சிலர் நம்மிடையே உளர். இது இரப்பன்று. தந்தை தன் உடலாலும் உயிராலும் முன்னரே செலுத்திய விலைக்கு உரிய பயன். அதனை வாங்காது விடுதல் பிள்ளையின் உரிமையைப் பறித்தலேயாம். ஆதலின், படையிற் பணி செய்தோர் தங்கள் விடுவிப்புப் பத்திரத்தையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் பேணி வைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற் காலத்தே விண்ணப்பிப்பார்களாக. எழுத்தறியாத விதவைத் தாய்மார் உள்ள ஊர்களில், படித்த நம் இளைஞர் தாமே சென்று விண்ணப்பம் எழுதித் தருவார்களாக.