வீக்கம் வடிந்த பின்னும்: அழற்சி வலியில் தண்டுவடத்தின் பங்கு

வீங்கிய மூட்டு வலிப்பதில் புதிர் ஏதுமில்லை. அதைச் சுற்றி, அடியே படாத தோலும் தொட்டால் வலிப்பது ஏன் என்பதுதான் கேள்வி. 1930களில் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் விடையைத் தோலுக்குள்ளேயே தேடினார். காயம்பட்ட நரம்பின் கிளைகள் அக்கம்பக்கத்தில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகின்றன என்பது அவர் கருத்து. 1950இல் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், குடெல் மூவரும் அதை மறுத்தார்கள். மாற்றம் நிகழ்வது தண்டுவடத்தில் என்றார்கள். வழக்கைத் தீர்க்கும் சோதனை வர முப்பது ஆண்டுக்கு மேலானது.

இடையில் 1965இல் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாடு, தண்டுவடம் வலியை வெறுமனே கடத்தும் கம்பி அல்ல என்று நிறுவியது. ஆனால் வலிச்செய்திக்கான அந்த வாயில் அந்தந்தக் கணத்தில் திறப்பதையும் மூடுவதையும்தான் அது விளக்கியது. நீடிக்கும் வலிக்கு அதில் இடமில்லை. அதே காலத்தில் லோர்ன் மெண்டல், பூனையின் வலி கடத்தும் மெல்லிய சி-இழைகளை ஒரே அளவு மின்தூண்டலால் விட்டுவிட்டுத் தூண்டினார். தூண்டலின் அளவு மாறவில்லை. தண்டுவட நரம்பணுக்களின் எதிர்வினை மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. தூண்டல் நின்றதும் அதுவும் விரைவில் அடங்கிவிட்டது.

திருப்பம் 1983இல் வந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிளிஃபர்ட் உல்ஃப், எலியின் பாதத்தில் சுடுகாயம் ஏற்படுத்தி, காலை மடக்கும் தசைக்குப் போகும் இயக்க நரம்பணுக்களைப் பதிவு செய்தார். முன்பு சட்டை செய்யாத லேசான தொடுதலுக்கும் அவை துடித்தன. பதில் தரும் தோற்பரப்பும் விரிந்தது. பிறகு காயத்தை மரத்துப்போகச் செய்தார். காயத்திலிருந்து செய்தி வருவது நின்றும் மிகை உணர்வு முற்றிலும் அடங்கவில்லை. ஹார்டி பக்கம் தீர்ப்பானது என்றே நான் படிக்கிறேன், லூயிஸ் சொன்ன கசிவும் உண்மைதான் என்றாலும்.

தண்டுவடம் எதைக் கொண்டு நினைவில் வைக்கிறது? வலிச்செய்தி வந்து சேரும் பின்கொம்புப் பகுதியின் நரம்பணுக்களில் என்எம்டிஏ ஏற்பி என்னும் கால்வாயை மெக்னீசியம் அடைத்திருக்கும். வலிச்செய்தி தொடர்ந்து வந்தால் அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாயும். 1999இல் ரூ-ரோங் ஜீயும் கிளிஃபர்ட் உல்ஃபும் அடுத்த கண்ணியைக் காட்டினர்: வலித்தூண்டல் வந்த சில நிமிடங்களில் இஆர்கே என்னும் நொதி அந்த அணுக்களில் விழித்துக்கொள்கிறது. அழற்சி நீடிக்கும்போது அதுவே மரபணுக்களையும் இயக்கிப் புதிய ஏற்பிகளை உருவாக்கச் செய்கிறது என்பது 2002இல் தெரிந்தது.

என் கணிப்பில் இதைவிடக் கனமானது 2001இல் அதே குழுவிலிருந்து வந்த சமத் முதலானோரின் கட்டுரை. கொல்லப்பட்ட காசநோய் வகைக் கிருமிகளை எண்ணெயில் கலந்த ஃப்ராய்ண்ட் கலவையை எலியின் ஒரு பாதத்தில் செலுத்தினர். வீங்கியது ஒரு பாதம். புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் காக்ஸ்-2 நொதி பெருகியதோ தண்டுவடம் நெடுகிலும். பாதத்திலிருந்து வரும் நரம்பை மரக்கச் செய்தும் அது நிற்கவில்லை. ஆக, அழற்சியின் செய்தி நரம்பு வழியாக மட்டுமல்ல, இரத்தத்தின் வழியாகவும் வருகிறது. தண்டுவடத்தில் அதை ஏந்துவது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சிப் புரதம். அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின், வலியை அடக்கும் கிளைசின் ஏற்பியின் ஒரு வகையை முடக்குகிறது என்பதை 2004இல் ஹார்வியும் சைல்ஹோஃபரும் காட்டினர்.

மருத்துவத்தில் விளங்காமல் இருந்த ஒன்றுக்கு இதில் விளக்கம் கிடைக்கிறது. அறுவைக்கு முன்பே வலியைத் தடுத்தால் தண்டுவடம் கெடாது என்று வால் 1988இல் நம்பிக்கையூட்டினார். 2002இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் பெரிய வேறுபாடில்லை. நரம்பை மட்டும் அடைத்தால் இரத்தவழி திறந்தே இருக்கும் அல்லவா? இதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். வலி நரம்புகள் தண்டுவடத்தில் விடுவிக்கும் பி-பொருளின் ஏற்பியை அடைக்கும் மருந்துகளும் வலியில் தோற்றன. அவற்றில் ஒன்றான அப்ரெபிடன்ட் 2003இல் புற்றுநோய் சிகிச்சையின் வாந்திக்கு மருந்தாக அனுமதி பெற்றது.

இதற்குள் கவனம் நரம்பணுவிலிருந்து அதைச் சூழ்ந்து தாங்கும் கிளியா அணுக்களுக்கு நகர்ந்திருந்தது. 2011இல் சான் டியேகோவில் டோனி யாக்ஷின் குழு, சுண்டெலிகளில் மூட்டழற்சியை உண்டாக்கி, வீக்கம் வடிந்த பின்னும் வலி தங்குவதைக் கண்டது. டிஎல்ஆர்4 என்ற நோயெதிர்ப்பு ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்கும் வீக்கம் வந்தது; ஆனால் வலி அப்படித் தங்கவில்லை. தண்டுவடத்தில் அந்த ஏற்பியை அடைத்தாலும் அதே பலன்.

அதே ஆண்டு மான்ட்ரியாலில் ஜெஃப்ரி மோகிலின் குழு எதிர்பாராத ஒன்றைச் சொன்னது: தண்டுவட டிஎல்ஆர்4 வழி வலி நீடிப்பது ஆண் சுண்டெலிகளில்தான். 2015இல் படம் தெளிவானது. ஆணில் கிளியாவின் ஒரு வகையான மைக்ரோகிளியா, பெண்ணில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி-அணுக்கள் அந்த வேலையைச் செய்வதாகத் தெரிகிறது. அதுவரை வந்த வலி ஆய்வுகள் பெரும்பாலும் ஆண் விலங்குகளை வைத்தே நடந்தவை. முடக்குவாத மூட்டழற்சியோ ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் வருகிறது.